கைப்பின்னல் கூடைக்கு இணையத்தில் வாங்குவோர் வருவது எப்படி?

பிப்ரவரி பிறந்துவிட்டால் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கத் தொடங்கும். தளிர் முற்றிப் பால் மீண்டும் பெருகும் வரையில் வெட்டுக் கூலி குறைவதும், மழை மாதங்களில் வேலை நாள்களே குறைந்துபோவதும் தோட்ட மக்கள் அனைவரும் அறிந்ததே. அத்தகைய காலங்களில் வீட்டிலிருந்தபடியே கைத்தொழில் ஒன்றினால் கொஞ்சம் வருமானம் தேட விரும்பும் குடும்பங்கள் பல உள்ளன. கூடை பின்னுவோர், திருமண மாலை கட்டுவோர், இரவிக்கைக்குப் பூவேலை செய்வோர், பட்டு நூல் வளையல் செய்வோர் எனக் கைத்திறன் உடையோருக்கு நம்மிடையே குறைவில்லை. இவர்களில் பலர் கைத்தொலைபேசி வழியாக இணைய அங்காடியிலும் கடை திறந்துவிட்டனர். கடை திறப்பது அரை மணி நேர வேலை. வாங்குவோர் வருவதுதான் அரிதாக இருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தபோது பால் வெட்டும் சகோதரி ஒருவர் நம்மிடம் இக்குறையைக் கூறினார். காலையில் வெட்டு முடிந்து, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியதும், பிற்பகலில் பிளாஸ்டிக் ஒயர் கூடை பின்னுவது அவர் வழக்கம். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என எல்லா முடிச்சும் அவருக்குக் கைவந்தவை. இடைநிலைப் பள்ளியில் பயிலும் மகள் அவருக்காக இணையக் கடை திறந்து பதினோரு கூடைகளைப் பார்வைக்கு வைத்தாள். மூன்று மாதங்களில் விற்றவை இரண்டு. அந்த இரண்டையும் கிள்ளானில் இருக்கும் உறவினரே வாங்கினர். முப்பத்தைந்து வெள்ளியாக இருந்த விலையை இருபத்தைந்தாகக் குறைத்தும் பயனில்லை. "கூடை நல்லாத்தானே இருக்கு சார், ஏன் யாரும் சீந்த மாட்டேங்கிறாங்க?" என்று அவர் கேட்டார்.

கூடையில் குறை ஒன்றுமில்லை என்பதை நாம் கையில் எடுத்துப் பார்த்தே அறிந்தோம். ஆனால், இணையத்தில் வாங்குவோர் அதனைக் கையில் எடுத்துப் பார்க்க இயலாது. இரவுச் சந்தையில் ஒருவர் கூடையைத் தூக்கிப் பார்க்கிறார், கைப்பிடியை இழுத்துப் பார்க்கிறார், அடிப்பகுதியைத் திருப்பிப் பார்க்கிறார், பிறகே விலை கேட்கிறார். அவருடைய கண்ணும் கையும் செய்யும் வேலை முழுவதையும் இணையக் கடையில் படமும் சொல்லும் செய்தாக வேண்டும். அச்சகோதரியின் கடையில் இவ்விரண்டுமே அந்த வேலையைச் செய்யவில்லை.

முதலில் படத்தைக் காண்போம். மகள் இரவில், குழல் விளக்கின் கீழ்ப் படம் எடுத்திருந்தாள். பச்சைக் கூடை சாம்பல் நிறமாய்த் தெரிந்தது. பின்னால் எரிவாயுத் தோம்பும், ஓரத்தில் ஒரு சோடிச் செருப்பும் இருந்தன! (அச்செருப்பு விற்பனைக்கா என்று ஒருவர் கேட்டாராம்.) நல்ல படத்துக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. காலை வெயில் ஏறுமுன், அல்லது வானம் மூடியிருக்கும் பொழுதில், வாசலையொட்டி நிழல் விழும் இடத்தில் வெள்ளை வேட்டி ஒன்றைச் சுவரிலிருந்து தரை வரை தொங்கவிட்டு, அதன்மேல் கூடையை வைத்து எடுத்தால் போதும். கைத்தொலைபேசியின் கண்ணாடியை முன்னதாக ஒரு மெல்லிய துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும். ஒரே படத்தோடு நின்றுவிடாமல் முழுக் கூடை, உட்புறம், அடிப்பகுதி, கைப்பிடி சேருமிடம், முடிச்சின் நெருக்கமான தோற்றம் என ஐந்து படங்களாவது எடுக்க வேண்டும். கூடைக்குள் இரண்டு தேங்காயோ, ஓர் அடுக்குச் சாப்பாட்டுத் தூக்கோ வைத்து ஒரு படம் எடுத்தால் அளவு சொல்லாமலே விளங்கும். கை முடிச்சுப் போடுவதை அரை நிமிட ஒளிப்படமாக எடுத்துச் சேர்ப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. ஆலையில் அச்சில் வார்த்த கூடைகள் நிறைந்த அங்காடியில் இது கையால் ஆனது என்பதற்கு அதைவிடச் சான்று வேறில்லை.

அடுத்தது சொல். மகள் தன் பொருள்களுக்கு "அழகிய கூடை 1", "அழகிய கூடை 2" எனப் பெயரிட்டிருந்தாள். இணைய அங்காடியின் தேடு பொறிக்கு அழகு தெரியாது. வாங்குபவர் எழுதும் சொல்லும் விற்பவர் எழுதிய சொல்லும் ஒத்திருக்கின்றனவா என்பதையே அது முதலில் பார்க்கிறது. நம் நாட்டில் கூடை தேடுபவர் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் தேடுகிறார். "பாக்குல்" என்றும் "பாஸ்கெட்" என்றும் அவர் எழுத, நம் கடையில் தமிழ்ச்சொல் மட்டுமே இருந்தால் அவர் நம்மை எப்படிக் கண்டுபிடிப்பார்? தமிழ்ப் பெயரை விட்டுவிட வேண்டியதில்லை. அதனுடன் "பாக்குல் அன்யாமான்", "தாலி பிளாஸ்டிக்" போன்ற மலாய்ச் சொற்களையும், அவற்றுக்கு ஈடான ஆங்கிலச் சொற்களையும் ரூமி எழுத்தில் சேர்த்துவிட வேண்டும். நிறம், அளவு, பயன் ஆகியவையும் தலைப்பிலேயே வரட்டும். சந்தைக்கா, கோயிலுக்கா, திருமண வரிசைக்கா, தீபாவளிப் பலகாரம் வைத்துக் கொடுக்கவா? "ஹந்தாரான்" என்னும் மலாய்த் திருமண வரிசைக்குக் கூடை தேடும் ஒருவருக்கு நாம் பின்னும் கூடை பொருந்துமானால், அச்சொல்லும் தலைப்பில் இருக்க வேண்டும். எந்தச் சொல்லால் மக்கள் தேடுகின்றனர் என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. அங்காடியின் தேடு கட்டத்தில் "பாக்குல்" என்று மட்டும் எழுதி நிறுத்தினால், பலர் தேடிய தொடர்களை அது தானாகவே வரிசையாகக் காட்டும்.

தலைப்புக்குக் கீழே வரும் விளக்கத்தில் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் கொடுத்துவிட்டு, இதனை யார், எங்கே, எத்தனை மணி நேரம் பின்னினார் என்பதை மூன்று நான்கு வரிகளில் எழுதலாம். இதனை வீண் பேச்சென்று எண்ணிவிடக் கூடாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இன்று பெட்டாலிங் ஜெயாவிலோ ஜோகூர் பாருவிலோ அடுக்குமாடியில் வாழ்வோர் எத்தனையோ பேர். அம்மா சந்தைக்கு எடுத்துச் சென்ற கூடையின் நினைவு அவர்களுக்கு உண்டு. அவர்கள் தேடுவது பொருளை மட்டுமன்று. அச்சகோதரியின் மகள் ரப்பர் விதைகளைத் துளையிட்டுச் சாவிக் கொத்துகளாகவும் செய்திருந்தாள். ஒரு விதையின் புள்ளிகள் மற்றொன்றில் இரா. இதனை அவள் கடையில் வைக்கவே கூச்சப்பட்டாள். காய் வெடிக்கும் ஓசை கேட்டு ஓடி விதை பொறுக்கிய பிள்ளைகள் இன்று ஊதியம் வாங்கும் வயதினர் என்பதை அவளுக்கு எடுத்துரைத்தோம். ஆனால் ஓர் எச்சரிக்கை: பச்சை ரப்பர் விதையின் பருப்பு நஞ்சாகும். அதனை நீக்கி ஓட்டை மட்டும் பயன்படுத்த வேண்டும்; குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருளாக விற்கலாகாது. ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் விதைப் பொருள்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்திருப்பதால், வெளிநாட்டுக்கு அனுப்புமுன் கேட்டறிய வேண்டும்.

இனி விலை. விற்கவில்லை என்றவுடன் விலையைக் குறைப்பது பலரும் செய்யும் தவறு. அச்சகோதரியிடமே கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தக் கூடைக்கு ஒயர் பதினான்கு வெள்ளி. பொட்டலம் கட்ட இரண்டு வெள்ளி. பின்னுவதற்கு ஆறு மணி நேரம். விற்ற விலையில் நூற்றுக்குப் பத்து அங்காடிக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். (இக்கட்டணம் அங்காடிக்கு அங்காடி மாறுபடும்; அடிக்கடி உயர்வதும் உண்டு.) இருபத்தைந்து வெள்ளிக்கு விற்றால் கட்டணம் இரண்டரை வெள்ளி. செலவெல்லாம் போக மிஞ்சுவது ஆறரை வெள்ளி. அதாவது, ஒரு மணி நேர உழைப்புக்கு ஒரு வெள்ளி எட்டுக் காசு! நம் நாட்டில் 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளி. மணிக் கணக்கில் 8 வெள்ளி 72 காசு. அந்தக் கூலியையாவது அவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்வதாயின், கூடையின் விலை எழுபத்தாறு வெள்ளி அளவில் நிற்கும். இதைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். "எழுபத்தாறு வெள்ளிக்கு எவங்க சார் வாங்குவாங்க?"

நியாயமான கேள்வியே. நல்ல படமும் சரியான சொல்லும் இருந்தால் அந்த விலைக்கு வாங்குவோர் சிலர் உண்டு, பலர் இரார். எனவே பெரிய கூடையை அந்த விலையில் ஒன்றிரண்டு மட்டும் வைத்து, ஒன்றரை மணி நேரத்தில் முடியக்கூடிய சிறு கூடைகளைப் பெருக்குவதே ஏற்ற வழி என நாம் கருதுகிறோம். கைத்தொலைபேசிப் பை, பூச்செடிக் கூடை, பண்டிகைக்குப் பலகாரம் வைக்கும் கிண்ணக் கூடை போன்றவற்றில் கூலியும் கிடைக்கும். விலையும் வாங்குவோரை விரட்டாது. மணிக்கு ஒரு வெள்ளிக்கு உழைத்து விற்றுத் தீர்ப்பதைக் காட்டிலும் கூடையை வீட்டிலேயே வைத்திருப்பது மேல்.

அஞ்சல் செலவில் பலர் ஏமாந்துபோகின்றனர். கூடை எடை குறைந்த பொருள். ஆனால் இடம் அடைக்கும். பொதி அனுப்பும் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000 ஆல் வகுத்து, வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்கின்றன. இந்த எண், உண்மை எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 35 சென்டிமீட்டர் நீளமும் 20 அகலமும் 30 உயரமும் உள்ள கூடை அறுநூறு கிராம் எடையே இருந்தாலும், கணக்கில் 4.2 கிலோவாகிவிடும். அஞ்சல் இலவசம் என்று அறிவித்தவருக்கு இது தெரியவில்லையென்றால், விற்கும் ஒவ்வொரு கூடைக்கும் கைப்பணம் போகும். இதற்கு நம் பாட்டிமாரின் அடுக்குப் பாத்திரமே வழி காட்டுகிறது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி மூன்று கூடைகளைப் பின்னி ஒரே தொகுப்பாக விற்றால், ஒரு கூடைக்குரிய அஞ்சல் செலவில் மூன்றும் போய்ச் சேரும்.

முதலில் வாங்கிய சிலர் எழுதும் கருத்தைப் படித்தே அடுத்தவர் வாங்குகிறார். ஆகவே பொருளுடன் கையெழுத்தில் ஒரு சிறு நன்றிச் சீட்டு வைத்து, கூடையைப் பற்றித் தங்கள் எண்ணத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்ளலாம். உறவினரைக் கொண்டு, வாங்காததை வாங்கியதாக எழுதச் செய்வது தவறு. வேறிடத்தில் வாங்கிய ஆலைப் பொருளைக் கையால் செய்ததென்று விற்பதோ 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். கேள்வி கேட்டு எழுதுபவருக்கு அன்றே மறுமொழி சொல்ல வேண்டும். வெட்டுக்குப் போகும் காலை நேரத்தில் பதில் வாராது, பிற்பகலில் வரும் என்று கடையிலேயே எழுதி வைத்துவிட்டால் எவரும் குறை காணார்.

ஓர் அங்காடியை மட்டும் நம்பியிருப்பதும் நன்றன்று. கைவினைப் பொருளுக்கென்றே அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எட்சி என்னும் இணைய அங்காடி உலகப் புகழ் பெற்றது. 2022 ஏப்ரலில் அது தன் விற்பனைக் கட்டணத்தை நூற்றுக்கு 5 என்பதிலிருந்து 6.5 ஆக உயர்த்தியபோது, ஆயிரக்கணக்கான கைவினைஞர் ஒரு வாரம் கடையை மூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். கட்டணம் இறங்கவில்லை. கடைத்தெரு பிறருடையது, வாடகையைக் கூட்டும் உரிமை அவர்களிடமே இருக்கிறது. ஆகவே, வாங்கியவர் விரும்பினால் அவரைத் தம் சொந்த வாட்ஸ்அப் பட்டியலிலும் சேர்த்துக்கொண்டு, தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் இரண்டு மாதம் முன்னதாகவே புதுக் கூடைகளின் படத்தை அனுப்பலாம். கோயில் குழு, பெற்றோர் ஆசிரியர் சங்கக் குழு ஆகியவையும் உண்டு. ஆனால் அங்கே நாள்தோறும் விளம்பரம் போட்டுப் பொல்லாப்பைத் தேடிக்கொள்ள வேண்டாம்.

சட்டப்படி செய்ய வேண்டியவையும் சில உள்ளன. தீபகற்பத்தில் வாணிபம் தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையமாகிய எஸ்.எஸ்.எம்.-இல் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வாணிபப் பெயரில் பதிய 60 வெள்ளி. இணையத்தில் விற்பவர் தம் பெயர், தொடர்பு விவரம், அஞ்சல் செலவு உட்பட முழு விலை ஆகியவற்றை வாங்குவோருக்குத் தெரியப்படுத்துவதும் கடமையாகும். பணம் செலுத்திவிட்டதாகச் சீட்டின் படத்தை மட்டும் அனுப்பிப் பொருளைக் கேட்பவரிடம் விழிப்பாக இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் பணம் வந்துவிட்டதைத் தாமே பார்த்த பிறகே பொதியை அனுப்புங்கள். கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டதாக அறிந்தால் உடனே 997 என்னும் எண்ணை அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினமாகிவிடும். படம் எடுக்கவும் கடை நடத்தவும் பழக விரும்புவோர், முன்பு பெடி என வழங்கி இப்போது நாடி எனப்படும் சமூக இணைய மையம் அருகில் இருந்தால் அங்குச் சென்று உதவி கேட்கலாம்.

அந்தச் சகோதரியை அண்மையில் மீண்டும் கண்டோம். இருபத்தைந்து வெள்ளிக் கூடை இப்போது அவர் கடையில் இல்லை. அடுக்குக் கூடைத் தொகுப்பும் சிறு பூச்செடிக் கூடையும்தான் போகின்றனவாம். பெரிய கூடை எழுபத்தாறு வெள்ளிக்கு ஒன்றே ஒன்று விற்றது. வாங்கியவர் தமிழரல்லர், மலாய்த் திருமண வரிசைக்காகத் தேடி வந்தவர். படத்தில் கண்ட சிவப்பு நேரில் வேறாக இருக்கிறதென்று ஒருவர் ஒரு கூடையைத் திருப்பி அனுப்ப, மறுபேச்சின்றிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே வெளிச்சத்தில் வைத்துப் புதுப் படம் எடுத்திருக்கிறார்கள். பால் மீண்டும் பெருகி வெட்டு மும்முரமாகிவிட்டதால், "வாரத்துக்கு மூன்று தொகுப்புக்கு மேல் ஏற்பதற்கில்லை" என்று மகள் கடையின் முகப்பில் எழுதி வைத்திருக்கிறாள்.