பால்வாடிக்குப் பிஞ்சு வெண்டை கொடுங்கள்

விவசாயி வீட்டுக் குழந்தை காய்கறி தின்பதில்லை என்றால் கேட்பவர் சிரிப்பார்கள். ஆனால், காய்கறி விளையும் பல ஊர்களில் நடப்பது இதுதான். பிஞ்சுக் காயெல்லாம் விடியுமுன் கூடையேறிச் சந்தைக்குப் போய்விடுகிறது. முற்றிய வெண்டையும் புழு குத்திய கத்தரியும் வீட்டுக்கு நிற்கின்றன. அதிலும் கழித்தது பால்வாடிக்குப் போகிறது.

பால்வாடி என்று நாம் பழக்கத்தில் சொல்லும் அங்கன்வாடி மையங்கள், 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வந்தவை. 1982 ஜூலை 1 முதல் சத்துணவும் சேர்ந்தது. பகல் உணவு அங்கேயே கிடைக்கிறது. தட்டில் போட்ட காயைக் குழந்தை ஒதுக்காமல் தின்ன வேண்டுமே, அதுதான் பாடு.

இரண்டு வயதுக்குமேல் புதிய உணவைக் கண்டு முகம் சுளிப்பது எல்லாக் குழந்தைக்கும் உள்ள சுபாவம். இனிப்பைத் தானாக விரும்பும் நாக்கு, கசப்பையும் நாரையும் துப்பும். எட்டு, பத்து முறை, சில குழந்தைகளுக்கு அதற்கு மேலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால்தான் புதிய ருசி பழகும். நாமோ மூன்றாம் முறையே, 'இவனுக்குக் கீரை ஆகாது' என்று விட்டுவிடுகிறோம். ஒரு தடவைக்கு ஒரு வாய் போதும். வாயில் திணிக்கவே கூடாது. 'காயைத் தின்றால் மிட்டாய்' என்பதும் வேண்டாம். காய் தண்டனை, மிட்டாய் பரிசு என்று குழந்தை கணக்குப் போட்டுவிடும். ஆசிரியை அதே காயைக் குழந்தைகளோடு உட்கார்ந்து தின்றால் பாதி வேலை முடிந்தது.

முற்றிய வெண்டையை ஒரு முறை துப்பிய குழந்தை பிஞ்சைக் கொடுத்தாலும் எளிதில் வாங்காது. ஆகவே மையத்துக்குக் காய் கொடுக்க நினைப்பவர்கள் கால் கிலோவானாலும் பிஞ்சாகக் கொடுங்கள். மருந்து தெளித்திருந்தால், டப்பாவில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் கழியாமல் ஒரு காய்கூடக் கொடுக்க வேண்டாம்.

காயைச் சாம்பாரில் கரைத்து மறைப்பதும் உண்டு. சத்து சேரும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காயைக் குழந்தை அறியாமலே போகும். ஒரு துண்டாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பறங்கி, காரட் இரண்டையும் நன்றாக வேகவைத்துச் சிறிய துண்டுகளாகக் கொடுக்கலாம். பச்சைக் காரட் தொண்டையில் சிக்கும். முருங்கைக்காயை வழித்துச் சதையை மட்டும் பிசைந்து ஊட்டலாம். கீரையைப் பருப்போடு கடைந்து ஒரு கரண்டி எண்ணெயில் தாளியுங்கள். கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் 'ஏ' சத்து எண்ணெய் இருந்தால்தான் உடம்பில் நன்கு ஒட்டும். இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்புச் சத்தும் கூடுதலாகச் சேரும்.

தான் தண்ணீர் ஊற்றிய செடியின் காயைக் குழந்தை ஆசையாகக் கடித்துப் பார்க்கும். மையத்தில் இடமும் தண்ணீரும் இருந்தால் ஒரு சென்ட் போதும். தொழு உரமிட்டுக் கொத்தி, பாத்தி கட்டி, 10 கிராம் சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவலாம். 25 நாளில் பறிக்கலாம். காத்திருக்கத் தெரியாத வயதுக்கு இதுவே ஏற்ற பயிர். ஓரத்தில் பத்து வெண்டை ஊன்றினால் 45 நாளில் காய் வரும். வேலியோரம் இரண்டு முருங்கை போதும். கைகழுவும் சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடாமல் வாழைக்குத் திருப்பி விடுங்கள்.

இந்தப் பாத்தியில் பூச்சிமருந்தே கூடாது. புழுவைப் பெரியவர்கள் கையால் பொறுக்கலாம். வெண்டைக்கு, இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். கீரைமேல் மட்டும் அது படவேண்டாம். கசக்கும்; பிறகு குழந்தையைத் திருப்பிக் கொண்டுவர இன்னும் பத்து வேளை ஆகும்.