பட்டறையில் பிறக்கும் கார் – 9: நாலு பிஸ்டன் கணக்கு

போன வாரம் வண்டி முதன்முறையாகத் தன் சொந்த எஞ்சினில் நகர்ந்தது. இந்த வாரம் அதை நிறுத்த வேண்டும்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், ஒரு காலத்தில் மக்காச்சோள மூட்டை அடுக்கியிருந்த குடோன்தான் எங்கள் பட்டறை. புதன்கிழமை மாலை, என்னோடு வண்டி கட்டும் தம்பிகள் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார்கள். பெட்டிக்குள் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு சிவப்பு காலிப்பர்கள், பிரேக் டிஸ்க்கை அழுத்திப் பிடிப்பவை. பழசுதான், ஆனால் பளபளப்பாக இருந்தன.

“சார், இப்ப இருக்கறது ஒத்தை பிஸ்டன். இதுல நாலு. கால் வெச்ச இடத்துல நிக்கும் பாருங்க.”

முன்சக்கர பிரேக்கை மாற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது சரிதான். அந்த எண்ணத்தை நான் கடைசிவரை மறுக்கவில்லை. காரணம் இந்த வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது. ஒரு பழைய முன்சக்கர இயக்கக் காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அப்படியே எடுத்து, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். எஞ்சினோடு அதன் நக்கிள், டிஸ்க், காலிப்பர் எல்லாம் பின்னால் போய்விட்டன. முன்சக்கரத்துக்கு இன்னொரு காரிலிருந்து அதே ஜோடியைக் கொண்டுவந்து மாட்டினோம். ஆக, நான்கு சக்கரத்திலும் ஒரே டிஸ்க், ஒரே காலிப்பர். பார்க்க ஒழுங்காக இருக்கும். பிரேக்கைப் பொறுத்தவரை இது ஆபத்தான ஒழுங்கு.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் சடாரென்று பிரேக் போட்டால் நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம்? காரின் எடையும் அப்படித்தான் முன்னால் பாய்கிறது. எங்கள் வண்டி ஆளோடு சேர்த்து 500 கிலோ. சும்மா நிற்கும்போது முன்பக்கம் 225, பின்பக்கம் 275. எஞ்சின் பின்னால் இருப்பதால் அப்படி. நன்றாக பிரேக் பிடிக்கும்போது, சக்கர இடைவெளியையும் எடை மையத்தின் உயரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், ஏறத்தாழ 80 கிலோ பின்னாலிருந்து முன்னால் வருகிறது. முன்பக்கம் 305 ஆகிவிடும், பின்பக்கம் 195-தான். எடை இருக்கும் இடத்தில்தான் டயருக்குப் பிடி இருக்கும். எனவே பிரேக்கின் வேலையை 61-க்கு 39 என்று முன்னும் பின்னும் பிரித்துக்கொடுக்க வேண்டும். நாங்களோ ஐம்பதுக்கு ஐம்பது கொடுத்துவைத்திருந்தோம்.

சிவப்புக் காலிப்பர் இதைச் சரிசெய்யுமா? வெர்னியரை எடுத்து அளந்தேன். பழையதில் ஒரே பிஸ்டன், 48 மி.மீ. விட்டம். புதியதில் நான்கு, ஒவ்வொன்றும் 30 மி.மீ. தம்பிகள் கைபேசியில் கணக்குப் போட்டார்கள். பழையதன் பரப்பு 18 சதுர செ.மீ.; புதியதில் நான்கையும் கூட்டினால் 28. முகமெல்லாம் சிரிப்பு.

இந்த இடத்தில் எத்தனையோ பேர் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஒற்றை பிஸ்டன் காலிப்பர் மிதக்கும் வகை. பிஸ்டன் உள்பக்க பிரேக் பேடைத் தள்ளும். அந்தத் தள்ளலின் எதிர்வினையால் காலிப்பரின் உடம்பே ஸ்லைடு பின்னில் வழுக்கி, வெளிப்பக்க பேடை இழுத்து டிஸ்க்கின் மேல் அழுத்தும். ஒரு பிஸ்டன் இரண்டு பக்கத்துக்கும் உழைக்கிறது. நாலு பிஸ்டன் காலிப்பர் நகராது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று எதிரெதிரே நின்று அழுத்தும். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் மரத்தில் கட்டியிருந்தாலும், எதிரில் இன்னொருவர் நின்று இழுத்தாலும் கயிற்றின் இறுக்கம் ஒன்றேதான். ஆகவே நாலு பிஸ்டனில் ஒரு பக்கத்தை மட்டுமே எண்ண வேண்டும். 28 இல்லை, 14. பழைய 18-ஐவிடக் குறைவு.

சொன்னேன். நம்பினார்களா என்று தெரியவில்லை. மாட்டிப் பார்த்துவிடலாம் என்றார்கள். நானும் தடுக்கவில்லை, கணக்கைக் கண்ணால் பார்ப்பது நல்லதுதான்.

சனிக்கிழமை காலை, லாரிகள் சுண்ணாம்புக்கல் இறக்கும் ஒரு காலி யார்டில் அனுமதி வாங்கிப் போனோம். நான்கு டயரின் பக்கவாட்டிலும் சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி போட்டோம். இரண்டு பக்கமும் கைபேசியோடு ஆள். 40 கி.மீ. வேகம்தான். பிரேக்கை அழுத்தியதும் வண்டியின் பின்பக்கம் இடப்புறமாக வெட்டி, அரைவட்டம் போட்டு, வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. வெள்ளைப்புழுதி அடங்கியபோது ஓட்டிய தம்பி இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். யாரும் பேசவில்லை.

படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். பின்சக்கரத்தின் பெருக்கல் குறி சட்டென்று நிற்கிறது. முன்சக்கரத்தின் குறி இன்னும் சுழல்கிறது. முன்பக்கத்தின் பங்கு ஐம்பதிலிருந்து 44-ஆகக் குறைந்திருந்தது. பின்பக்கம் 56. நின்றுவிட்ட டயருக்குப் பக்கவாட்டில் பிடி இருக்காது. முன்சக்கரம் முதலில் நின்றால் ஸ்டீயரிங் கேட்காது, ஆனால் வண்டி நேராகப் போய் நிற்கும். பின்சக்கரம் முதலில் நின்றால் வண்டியின் பின்பகுதி முன்பகுதியை முந்தப் பார்க்கும். அப்போது எந்த ஓட்டுநராலும் ஒன்றும் செய்ய முடியாது. காலிப்பர் வாங்கப் போகும் எல்லாரிடமும் நான் கேட்பது அதனால்தான்: பின்னால் என்ன இருக்கிறது?

இப்படிச் சாலைக் காரின் எஞ்சினை எடுத்து வேறொரு கார் கட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கோவையில் கரிவரதன் 1980களின் பிற்பாதியிலேயே மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைக் கார் கட்டி, ஃபார்முலா மாருதி என்ற பந்தய வகையையே உருவாக்கினார். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் இறங்கிய நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதி ஓட்டிப் பழகியவர். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்தில் அவர் பெயரால் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கல்லூரி மாணவர்கள் கட்டிய கார்கள் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வருகின்றன. அங்கே பிரேக் சோதனையில், வேகமாக வந்து அழுத்தினால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டு வண்டி நேராக நிற்க வேண்டும். தாண்டாத வண்டிக்கு ஓட்டப் போட்டியில் இடமில்லை. எங்கள் வண்டியும் தடத்துக்கு மட்டும்தான், சாலைக்கு வராது. இதைப் படித்துவிட்டு, வீட்டில் நிற்கும் காரில் யாரும் கை வைக்க வேண்டாம். பதிவான வண்டியைத் தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து மாற்றுவதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கடிவாளம் போடுகிறது.

சூட்டைப் பற்றியும் தம்பிகள் பயந்தார்கள். அந்த பயம் இங்கே அவ்வளவு தேவையில்லை. 28 டன் சிமென்ட் லாரி 40 கி.மீ. வேகத்தில் வந்து நிற்கும்போது வெளியேறும் சூடு, எங்கள் வண்டி 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது வருவதைப்போல ஒன்பது மடங்கு. அதற்காக பிரேக் ஆயிலை அலட்சியம் செய்யக்கூடாது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிவரை கொதிக்காது. ஈரத்தைக் குடித்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெடல் பஞ்சுபோல உள்ளே போகும்.

எங்கள் ஊரில் சூட்டைவிடப் பெரிய எதிரி புழுதி. அரியலூர்ப் பக்கம் ஒரு நாள் வண்டியை வெளியே விட்டால் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம். பந்தயத்துக்கென்றே வரும் காலிப்பர்கள் பலவற்றில் பிஸ்டனைச் சுற்றி டஸ்ட் ரப்பர் இருக்காது. அடிக்கடி பிரித்துத் துடைக்கும் அணிகளுக்கு அது சரி. சுண்ணாம்புத் தூள் ஆயில் சீல்வரை போய்விட்டால் பிஸ்டன் திரும்பி வராது, பேட் டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அந்தச் சிவப்புக் காலிப்பரிலும் ரப்பர் இல்லை. பிரித்தபோது ஒரு பிஸ்டனின் மேல் மெல்லிய வெள்ளைக் கோடு. ஒரே ஒரு காலை ஓட்டத்தில் வந்தது.

கடைசியில் எடுத்தது இது: 38 மி.மீ. பிஸ்டன் நான்கு, டஸ்ட் ரப்பரோடு. ஒரு பக்கத்துப் பரப்பு ஏறத்தாழ 23 சதுர செ.மீ. பின்பக்கம் பழைய 48-ஏ இருக்கட்டும். அது மட்டும் போதாது என்பதால் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர் வைத்தோம், முன்னுக்கு 15.9 மி.மீ., பின்னுக்கு 19. சிறிய சிலிண்டர் அதே கால் அழுத்தத்துக்கு அதிக அழுத்தம் தரும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் 64-க்கு 36. தேவை 61, மூன்று புள்ளி பாதுகாப்புக்கு. இரண்டு சிலிண்டருக்கும் நடுவே பேலன்ஸ் பார் இருப்பதால், தடத்தில் போய் ஓரிரு திருகு திருப்பியும் கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன்பே அட்டையில் காலிப்பரின் உருவத்தை வெட்டி, டிஸ்க்கின் மேல் வைத்து, 13 அங்குல ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்த்தோம். முதல் அட்டை இடித்தது. பிராக்கெட்டை 6 மி.மீ. உள்ளே தள்ளி வரைந்தபின் ரிம்முக்கும் காலிப்பருக்கும் நடுவே 3 மி.மீ. கிடைத்தது. பிராக்கெட்டை வெட்டிய லேத் அண்ணன் அலுமினியம் வேண்டாம், இரும்பே இருக்கட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பிரேக்கின் மொத்த இழுப்பையும் தாங்குவது அந்தத் தகடும் இரண்டு போல்ட்டும்தான். நானும் அவர் பக்கமே நின்றேன்.

மறு சனிக்கிழமை அதே யார்டு, அதே சாக்பீஸ் குறி. முதலில் 30, பிறகு 40, பிறகு 60. ஒவ்வொரு முறையும் முன்குறி நின்ற ஒரு கணம் கழித்துத்தான் பின்குறி நின்றது. தம்பி இறங்கி, வண்டிக்குப் பின்னால் நடந்துபோய்ப் பார்த்தான். வெள்ளைப்புழுதியில் இரண்டு கறுப்புக் கோடுகள், நூல் பிடித்தாற்போல.

அடுத்த வாரம்: அதே காலிப்பரில் எந்த பேட்?