குவார்க்குப் பொருளும் முடிவிலியை நீக்கும் முறைகளும்

புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகள் என்னும் நுண்துகள்களால் ஆனவை. சாதாரண நிலையில் குவார்க்கு தனித்து வெளிப்படுவதில்லை. ஏறத்தாழ 1.8 இலட்சம் கோடி டிகிரி வெப்பத்தில் புரோட்டான் தன் உருவை இழக்க, குவார்க்குகள் கட்டவிழ்கின்றன. மிகுந்த அடர்த்தியிலும் இவ்வாறே நிகழலாம்; நியூட்ரான் விண்மீன்களின் நடுவில் அத்தகைய பொருள் இருக்கக்கூடும் என்பர். 2024 ஜனவரி முதல் நாளன்று ஏவப்பெற்ற எக்ஸ்போசாட் செயற்கைக்கோளில், பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையம் அமைத்த போலிக்ஸ் என்னும் கருவி, இவ்விண்மீன்கள் முதலியவற்றின் எக்ஸ் கதிர்களை ஆராய்வதற்காக இடம்பெற்றது. ஆயினும் அக்கதிர்கள் விண்மீனின் புறத்தே தோன்றுபவை. உட்புறத்தைக் கணிதத்தின் துணையின்றி அறிதல் அரிது.

அக்கணிதத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. குவார்க்குகளின் உந்தங்களை, எவ்வளவு பெரியவையாயினும் விடாது கூட்டினால், விடை முடிவிலியாகிறது. ஆகவே ஓர் எல்லைக்கு அப்பாற்பட்டவற்றை முதலில் விலக்கிக் கணித்து, பின்னர் அவ்வெல்லையினால் விளைந்த மாறுதலை நீக்குகின்றனர். இதனை ஒழுங்குபடுத்தல் என ஈண்டு வழங்குகிறோம். சொல் அடக்கமானது, செயலோ கடினமானது. 1974-இல் கென்னத் வில்சன் வகுத்த முறையில் வெளியும் காலமும் சிறு இடைவெளிகளையுடைய வலையாகக் கொள்ளப்படுகின்றன. இடைவெளியினும் நுண்ணிய அலைகளுக்கு அங்கு இடமில்லை.

வலையில் வெப்பத்தைப் புகுத்துவது எளிது. அடர்த்தியைப் புகுத்துவது அவ்வாறன்று. எதிர்க்குவார்க்குகளைவிடக் குவார்க்குகள் எவ்வளவு மிகுதி என்பதை நிர்ணயிக்கும் எண்ணை நேரடியாகச் சமன்பாட்டில் சேர்த்தால், ஆற்றலடர்த்தியில் பொய்யான பகுதி ஒன்று தலைகாட்டும். வலையின் இடைவெளி பாதியானால் அப்பகுதி நான்கு மடங்காகும். வலை நுண்ணிதாக நுண்ணிதாக, விடை உண்மையை விட்டு விலகிச் செல்லும்! 1983-இல் ஹாசன்ஃப்ராட்ஸ், கார்ஷ் ஆகியோர் அவ்வெண்ணை அடுக்குக்குறிச் சார்பாக அமைத்து இவ்விடரைத் தவிர்த்தனர். அதுவே வழக்காயிற்று.

குற்றம் உண்மையில் வலையினுடையதா? மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் ராஜீவ் கவாயும், அங்குப் பயின்று பின்னர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்த சயந்தன் சர்மாவும் 2015-இல் வெளியிட்ட கட்டுரையில் அன்று என்றனர். வலையே இல்லாத கணிதத்திலும், உந்தத்திற்கு எல்லை வகுத்தால் அதே பொய்ப்பகுதி வருகிறது. எண்ணெய்க் கடையில் பாத்திரத்தின் எடையைக் கழிப்பதுபோல், ஒன்றோடொன்று வினைபுரியாத குவார்க்குகளுக்கு, வெப்பநிலை பூச்சியமாக உள்ளபோது கிடைக்கும் மதிப்பைக் கணித்துக் கழித்துவிட்டால் போதும்; எளிதாக்கிய வலைக்கணிப்பு ஒன்றில் இதனைச் சோதித்தும் பார்த்தனர். இதன் பயன் சிறிதன்று. எண்ணை நேரடியாகச் சேர்க்கும் முறையில் உயர்படி வகைக்கெழுக்களின் உறுப்புகள் பெரிதும் குறைவதால், கணிப்பொறியின் உழைப்பு மிச்சமாகிறது.

எனினும் வலைமுறை நியூட்ரான் விண்மீனின் அடர்த்தியை இன்னும் எட்டவில்லை. அங்கு 1961-இல் நம்பு, யோனா-லசீனியோ ஆகியோர் வகுத்த மாதிரியைப் பலரும் துணைக்கொள்கின்றனர். இதிலோ உந்த எல்லையை முற்றிலும் நீக்கவே இயலாது. அது மாதிரியின் ஓர் அங்கம். அவ்வெல்லை பொதுவாக 650 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியது. விண்மீனின் நடுவில் குவார்க்குகளின் ஆற்றலோ 400, 500 வரை உயரக்கூடும். எல்லைக்கு இவ்வளவு அருகில் பெற்ற விடையில் இயற்கையின் பங்கு எவ்வளவு, எல்லை வகுத்தவரின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவதற்காகவே, ஒரே கணக்கை வெவ்வேறு முறைகளில் ஒழுங்குபடுத்தி ஒப்பிட்டு வருகின்றனர்.