ஆவுளியா

மன்னார்க் குடாவிலும் பாக்கு நீரிணையிலும் வாழும் ஆவுளியாவை மீனென்று எண்ணுவோர் நம்மிடையே உளர். மாணாக்கரின் விடைத்தாள்களிலும் இதனை நான் கண்டதுண்டு. உருவம் அவ்வாறு மயக்குவதே. எனினும், அது நுரையீரலாற் சுவாசிப்பது, கன்றீன்று பாலூட்டுவது. தரைவாழ் விலங்குகளுள் யானை அதற்கு நெருங்கிய உறவென்பர் விலங்கியலார். வளர்ந்த ஆணின் மேல்வாயில் இரு சிறு தந்தங்களும் வெளிப்படும்.

சிங்களத்தில் இதற்கு 'முஹுது ஊரா' என்று பெயர். கடற்பன்றி என்பது பொருள். நம் நூல்வழக்கு கடற்பசு என்கிறது. இரண்டனுள் பின்னதே எனக்கு உவப்பு. அதன் மேய்ச்சல் அத்தகையது. ஆழங்குறைந்த கடலடியிற் செழிக்கும் கடற்புல்லே அதன் உணவு. கீழ்நோக்கி மடிந்த முகவாயால், விறைத்த மயிர் செறிந்த தடித்த உதட்டால், புல்லை வேரோடு அகழ்ந்து உண்ணும். மேய்ந்த இடத்தில் உழுசால் போல நீண்ட தடம் கிடக்கும். சில நிமிடங்களுக்கொருமுறை மேலெழுந்து, மூக்குத்துளைகளை மாத்திரம் நீருக்கு வெளியே காட்டி மூச்சு வாங்கி, மீண்டும் அமிழும். மூன்று மீற்றர் நீளமும் நானூறு கிலோகிராம் எடையும் கொண்ட உடலுக்கு இத்துணை அடக்கம்!

தாய்மையிலும் அதற்கு விரைவில்லை. சூல் ஓராண்டுக்கு மேற்பட்டது. ஈனுவது ஒரே கன்று. துடுப்புகளின் அடியிலுள்ள முலைகளில் ஒன்றரை ஆண்டளவும் அது பாலருந்தும். அடுத்த ஈற்றுக்கு மூன்று முதல் ஏழாண்டு செல்லும். ஆயுள் எழுபது ஆண்டுவரை நீளக்கூடுமாயினும் கன்றுகள் சிலவே.

இக்குலத்தில் ஒன்றை மனிதன் முன்னரே அழித்துவிட்டான். வட பசிபிக்கில் வாழ்ந்த பெருங் கடற்பசுவை ஸ்டெல்லர் என்னும் இயற்கையறிஞர் 1741இற் கண்டார். உரோம வணிகத்துக்காகச் சென்ற வேட்டைக்காரர் அதன் இறைச்சியை உணவாகக் கொண்டனர். 1768க்குப் பின் அது காணப்பட்டிலது. இருபத்தேழே ஆண்டுகள்!

நம் ஆவுளியாவைக் கொல்வதைச் சட்டம் தடுக்கிறது. தமிழ்நாட்டரசும் 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பை அதற்கெனக் காப்பிடமாக்கியது. ஆனால் வலைக்குச் சட்டம் தெரியாது. அதிற் சிக்கிய ஆவுளியா, மூச்சு வாங்க மேலெழ இயலாது திணறி இறக்கிறது. வலை விரித்தவர் அதனைத் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை. இழுவைப் படகுகளோ மேய்ச்சற் புல்லையே வாரிச் செல்கின்றன. இறந்தது தாயாயின், அதன் இடத்தை நிரப்பப் பெண்கன்றொன்று பிறந்து, வளர்ந்து, தானும் ஈனப் பத்தாண்டும் செல்லும். அதற்கு மேலும் செல்லும்.