ஆறாம் கிழமையில் ஓர் இடுப்பு ஸ்கேன்

நடக்கத் தொடங்கிய பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்து நடந்தால், போகப் போகச் சரியாகிவிடும் என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். சில பிள்ளைகளுக்கு அது தானாகச் சரியாவதில்லை. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியில் பொருந்தாமல் விலகியிருக்கலாம். இதை இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாடு என்கிறார்கள். முதல் மாதங்களில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் பட்டி போட்டே குணமாக்கிவிடலாம். நடக்கும் வயதில் தெரியவந்தால் பல பிள்ளைகளுக்குச் சத்திரசிகிச்சைதான். கைக்குழந்தைக்கு இதில் வலி இல்லை, அதனால் அது அழுது காட்டாது.

யாருக்கு வரும்?

பெண் பிள்ளைகளுக்கு நான்கைந்து மடங்கு கூடுதலாக வருகிறது. தலைப்பிள்ளைக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கவே கூடாது. ஒன்று, கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் தலை கீழே திரும்பாமல் இருந்த பிள்ளை. மற்றது, பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்தக் குறை இருந்த பிள்ளை. சீசர் செய்து எடுத்தோமே, இனிப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். வயிற்றுக்குள் பிள்ளை இருந்த விதம்தான் காரணம், பிறந்த விதம் அல்ல.

கையால் பார்த்தால் போதாதா?

பிறந்தவுடன் டாக்டர் பிள்ளையின் முழங்கால்களை மடக்கி, தொடைகளை விரித்துப் பார்ப்பார். இத்தாலியின் ஓர்டொலானி 1937இலும் இங்கிலாந்தின் பார்லோ 1962இலும் விளக்கிய சோதனைகள் இவை. அவசியமானவை, ஆனால் குழி ஆழமில்லாமல் இருந்தும் மூட்டு அசையாதிருந்தால் கைக்குத் தப்பிவிடும். எக்ஸ்ரேயும் நாலைந்து மாதம் வரை அவ்வளவாக உதவாது. அந்த உருண்டைத் தலை அப்போது குருத்தெலும்பாகவே இருக்கும், படத்தில் விழாது.

ஸ்கேனில் விழும். ஆஸ்திரியாவின் டாக்டர் ராய்ன்ஹார்ட் கிராஃப் 1980இல் வெளியிட்ட முறை இது. பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, இடுப்பின் வெளிப்புறம் ஜெல் பூசிக் கருவியை வைக்கிறார்கள். குழியின் கூரை எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதைத் திரையில் கோடு போட்டு அளக்கிறார்கள். 60 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் நல்ல இடுப்பு. ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. பிறந்த கையோடு பார்த்தால் தானாகவே முதிர்ந்துவிடும் இடுப்புகளும் குறையாகத் தெரியும். அதனால்தான் நாலு முதல் ஆறு கிழமை வரை பொறுக்கிறார்கள்.

ஆஸ்திரியா 1992 முதலும் ஜெர்மனி 1996 முதலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்கின்றன. பிரித்தானியா ஆபத்துள்ள பிள்ளைகளுக்கு மட்டும் செய்கிறது. நமக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும் என்பது என் எண்ணம். ஸ்கேன் பார்க்கும் நிபுணர்களின் நேரம் தேவையான பிள்ளைக்கே போய்ச் சேர வேண்டும்.

குளிருக்குச் சுற்றும்போது

கலஹா, ஹந்தானை, புசல்லாவைப் பக்கம் மார்கழிக் குளிரில் பிள்ளையைச் சுற்றாமல் இருக்க முடியாது. மார்பையும் கையையும் நன்றாகப் பொத்துங்கள். கால்களை நீட்டி ஒட்டவைத்து இறுக்குவதுதான் தவறு. தவளைக் கால்போல மடங்கி விரிய இடம் விடுங்கள். ஜப்பானில் 1975இல் தொடங்கிய பிரசாரத்தால், கால்களை நீட்டிக் கட்டும் வழக்கம் குறைந்தது. இந்தக் குறையும் வெகுவாகக் குறைந்தது. கழுத்து நின்ற பிள்ளையை நம் பெண்கள் காலை விரித்து இடுப்பில் தூக்குவது மூட்டுக்கு நல்லதுதான்.

பம்பர்ஸ் மாற்றும்போது

ஒரு தொடை மற்றதைப் போல விரியாவிட்டால், ஒரு கால் குட்டையாகத் தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தொடை மடிப்பு வித்தியாசம் மட்டும் இருந்தால் பதற வேண்டாம், நல்ல பிள்ளைகளுக்கும் அது உண்டு. இரு பக்கமும் குறை இருந்தாலோ வித்தியாசமே தெரியாது.

ஸ்கேனில் குறை தெரிந்தால், ஆறு மாதத்துக்குள் பாவ்லிக் பட்டி போடுவார்கள். தோளிலிருந்து பாதம் வரை வரும் மெல்லிய பட்டி, கால்களை மடக்கி விரித்தே வைத்திருக்கும். டாக்டர் சொல்லாமல் அதைக் கழற்றக் கூடாது.

உங்கள் பிள்ளை தலை திரும்பாமல் இருந்ததா? குடும்பத்தில் யாருக்கும் இந்தக் குறை உண்டா? ஆம் என்றால், கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு மிட்வைப் மிஸ்ஸிடமோ எம்.ஓ.எச். டாக்டரிடமோ நீங்களே சொல்லுங்கள். கண்டி ஆஸ்பத்திரிக்கோ பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ கடிதம் கேளுங்கள். இரண்டாம் மாத ஊசி வரை காத்திருக்க வேண்டாம்.