தட்பவெப்ப மாறுதலும் பல்கலைக்கழகக் கல்வியும்

வானிலை வேறு, தட்பவெப்பநிலை வேறு. இன்று மாலை மழை பெய்யுமா என்பது வானிலையைப் பற்றிய வினா. ஓர் ஊரில் ஆடித் திங்களில் வழக்கமாக எவ்வளவு மழை பெய்யும் என்பது தட்பவெப்பநிலையைப் பற்றிய வினா. அவ்வழக்கத்தை அறுதியிட முப்பது ஆண்டுக் குறிப்புக்கள் வேண்டும் என்பது வானிலை அறிஞர் கொண்டுள்ள முறை. வழக்கமே மாறி வருகின்றதா என்று காண்பதற்கோ, பல தலைமுறைகளின் கணக்குத் தேவைப்படும். ஆகவே, இத்துறையைப் பயிலும் மாணவர், தாம் பிறப்பதற்கு முன்பே பிறர் எழுதி வைத்த ஏடுகளைக் கொண்டே தம் படிப்பைத் தொடங்குகின்றார்.

இதற்குத் திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டம் வட்டாரம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும். கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகம் இங்கே அமைந்துள்ளது. சுற்றுச்சூழல் விஞ்ஞானம், நிலவியல், நீர்வாழ் உயிரியல் ஆகியவற்றுக்கு அங்கே தனித்தனித் துறைகள் உண்டு. சில மைல் தொலைவில், கடற்கரையில் தும்பா ராக்கெட் தளம் இருக்கின்றது. ஆக்குளத்தில், 1978இல் தோன்றிய புவி விஞ்ஞான ஆய்வு நிலையம் இருக்கின்றது.

அளந்து எழுதும் பழக்கம் இந்நகருக்குப் புதிதன்று. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் இங்கே ஒரு வானாய்வுக் கூடத்தை நிறுவினார். பின்னர் அதன் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரௌன், 1855இல் அகத்தியமலையின் மீதும் ஒரு நிலையம் அமைத்துக் காந்தப் புலத்தையும் வானிலையையும் அளந்தார். திருவனந்தபுரத்துக் கூடம் இன்று பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21ஆம் நாள் முதல் ராக்கெட் வானில் எழுந்தது. அத்தளத்தின் வானிலை ஆய்வுக்கூடத்தை அமைத்தவர், பீருமேட்டில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணி அம்மையார். கருவி பிழையானால் கணக்கும் பிழையாகும் என்பதில் அவர் மிகக் கண்டிப்பானவர்.

இனி, இக்கல்வி ஒரே துறைக்குள் அடங்குமா என்று பார்ப்போம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கையும் கடந்துவிட்டது. அவ்வாயு வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் விதத்தைப் பௌதிகம் விளக்கும். ஆனால் 2018ஆம் ஆண்டு வெள்ளத்தை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு ஜூன் முதல் ஆகஸ்டு நடுப்பகுதி கடந்தது வரை கேரளத்தில் வழக்கத்தினும் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் மிகுதியாக மழை பெய்தது. மழையை அளந்தவர் வானிலையாளர். மலைச்சரிவு ஏன் இடிந்தது என்று கூற வேண்டியவர் நிலவியலார். ஆறு பெருகும் இடத்தில் வீடுகள் எவ்வாறு வந்தன என்று ஆராய வேண்டியவர் பூகோளமும் பொருளாதாரமும் கற்றவர். ஒருவர் விடை மற்றவர் விடையின்றி நிறைவு பெறாது.

கலைப்பிரிவு மாணவருக்கும் இங்கே பணி உண்டு. 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களின் கடலில் நூற்றுக்கணக்கான மீனவரைப் பலிகொண்டது. புயல் விரைந்து வலுப்பெற்றது. ஆழ்கடலில் இருந்தோர் பலரை எச்சரிக்கை எட்டவில்லை. அச்செய்தியைக் கடலில் இருப்பவர் கையில் சேர்க்கும் சாதனம் ஒருபுறம் வேண்டும். கேட்டவுடன் வலையைச் சுருட்டிக் கரைநோக்கித் திரும்பச் செய்யும் தெளிந்த சொல் மற்றொருபுறம் வேண்டும். காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் தமிழிலும் மலையாளத்திலும் ஐயத்திற்கு இடமின்றிக் கூறுவது மொழி கற்றவரின் கடமையாகும்.

இத்துறையைத் தேர்ந்துகொள்ள விரும்பும் இளைஞர் கணிதத்தையும் புள்ளிவிவர இயலையும் அஞ்சாது பயில்வாராக. அத்துடன், தம் ஊரின் மழைமானிக் கணக்கையும், கிணற்று நீர் ஏறி இறங்குவதையும் நாள்தோறும் குறித்து வருவாராக. அடுத்த தலைமுறை மாணவருக்கு அக்குறிப்பேடு தேவைப்படும்.