கடைசி இடத்திலிருந்து கோப்பை வரை: 2015-ல் சென்னையின் எஃப்.சி ஜெயித்தது எப்படி, வடசென்னைக்கு அதில் என்ன?

2015 டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை இரவு. கோவாவின் மட்காவ் நகரில் ஃபட்டோர்டா மைதானம். ஐ.எஸ்.எல் இறுதிப் போட்டி. 87-வது நிமிடத்தில் ஜோஃப்ரே அடித்த கோலால் கோவா அணி 2-1 என முன்னிலைக்கு வந்தது. மைதானம் முழுக்க கோவா ரசிகர்கள். பாட்டாசு வெடிக்காத குறைதான். சென்னையில் பல வீடுகளில், "அவ்ளோதான், முடிஞ்சுது" என்று ரிமோட்டைத் தேட ஆரம்பித்திருப்பார்கள்.

90-வது நிமிடம். கோவா கோல்கீப்பர் கட்டிமணி மேல் பட்டு பந்து அவருடைய வலைக்குள்ளேயே போனது. 2-2. அடுத்த இரண்டு நிமிடத்துக்குள், இன்ஜுரி டைமில், கொலம்பிய வீரர் மெண்டோசா அடித்தார். 3-2. கோப்பை சென்னைக்கு.

ஆனால் அந்த சீசனின் கதை அந்த ஐந்து நிமிடத்தில் இல்லை. இரண்டு விஷயங்கள் தெரிந்தால்தான் அந்த வெற்றியின் எடை புரியும். ஒன்று, அந்த அணி ஒரு கட்டத்தில் பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்தது. இரண்டு, அரையிறுதி நடக்க வேண்டிய நேரத்தில் சென்னையே தண்ணீரில் கிடந்தது.

இத்தாலிக்காரர் சென்னைக்கு எப்படி வந்தார்?

இந்தியன் சூப்பர் லீக் 2014-ல் தொடங்கியது. எட்டு நகரங்கள், எட்டு அணிகள். ஐ.பி.எல் மாதிரியே உரிமையாளர்கள் பணம் போட்டு அணியை நடத்தும் முறை. சென்னை அணிக்கு அபிஷேக் பச்சன், விடா தானி, மகேந்திர சிங் தோனி ஆகியோர் உரிமையாளர்கள். பயிற்சியாளராக வந்தவர் மார்கோ மாட்டெராஸி.

பெயர் சட்டென ஞாபகம் வரவில்லையா? 2006 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜிடான் தலையால் முட்டித் தள்ளினாரே, அந்த இத்தாலி டிஃபெண்டர்தான். அதே ஆட்டத்தில் இத்தாலிக்காகச் சமன் செய்த கோலை அடித்தவரும் அவர்தான். இத்தாலியின் இன்டர் மிலன் கிளப் 2009-10 சீசனில் உள்நாட்டு லீக், உள்நாட்டுக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் என மூன்றையும் ஒரே ஆண்டில் வென்றபோது அந்த அணியில் இருந்தவர்.

2014-ல் அவர் சென்னைக்கு பயிற்சியாளரும் வீரருமாக வந்தார். அந்த முதல் சீசனில் சென்னை லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனால் அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் தோற்று வெளியேறியது. முதலிடத்தில் முடித்தும் கோப்பை இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டு இதே விதி தலைகீழாக வேலை செய்தது.

"ஒரு சீசன்" என்றால் எத்தனை நாள்?

இத்தாலியின் சீரி ஏ லீக்கில் ஓர் அணி ஒரு சீசனுக்கு 38 ஆட்டங்கள் ஆடும். ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் வரை இழுக்கும். 38 ஆட்டங்களுக்குப் பிறகு யார் மேலே இருக்கிறாரோ அவர்தான் சாம்பியன். கடைசி மூன்று அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும்.

2015 ஐ.எஸ்.எல் அப்படியில்லை. அக்டோபர் 3-ல் தொடங்கி டிசம்பர் 20-ல் முடிந்துவிட்டது. மொத்தமே பதினோரு வாரம். ஓர் அணிக்கு 14 லீக் ஆட்டங்கள். முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால் அரையிறுதி. கடைசியில் வந்தாலும் யாரும் கீழ்ப்பிரிவுக்குப் போக மாட்டார்கள்.

இதில் ஒரு நல்லதும் உண்டு, ஒரு கெட்டதும் உண்டு. மூன்றாவது, நான்காவது இடத்தில் வந்தாலும் கோப்பைக்கு வாய்ப்பு இருக்கும். ஆனால் இரண்டு மூன்று ஆட்டம் சறுக்கினாலே கதை முடிந்துவிடும். சரிசெய்துகொள்ள நேரமே கிடையாது.

எங்கே சறுக்கியது?

சீசனின் முதல் ஆட்டமே சென்னை நேரு ஸ்டேடியத்தில். எதிரணி நடப்பு சாம்பியன் அட்லெட்டிகோ டி கொல்கத்தா. சென்னை 2-3 என்று தோற்றது. அதன் பிறகும் ஒரு ஆட்டம் ஜெயிப்பது, அடுத்ததில் விடுவது என்றே ஓடியது.

பத்து ஆட்டங்கள் முடிந்தபோது மூன்று வெற்றி, ஒரு டிரா, ஆறு தோல்வி. பத்து புள்ளிகள். எட்டு அணிகளில் கடைசி இடம். பிரேசிலின் எலானோ, இத்தாலியின் பிளாஸி என்று பெரிய பெயர்கள் இருந்தும் இந்த நிலை. இத்தாலியில் பத்து ஆட்டத்தில் இப்படி இருந்தால் இன்னும் 28 ஆட்டம் கையில் இருக்கும். இங்கே மிச்சம் நாலே நாலு.

அந்த நாலையும் சென்னை ஜெயித்தது. கேரளாவுக்கு எதிராக 4-1, டெல்லிக்கு எதிராக 4-0 என்று கோல்கள் கொட்டின. மெண்டோசாவின் வேகத்துக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்த சீசனில் 13 கோல்கள் அடித்து கோல்டன் பூட் விருதை வாங்கியது அவர்தான். மிசோரமைச் சேர்ந்த ஜேஜே லால்பெக்லுவா முன்வரிசையில் அவருக்குத் துணை நின்றார். 22 புள்ளிகளுடன் சென்னை மூன்றாவது இடத்தில் லீக்கை முடித்து அரையிறுதிக்குள் நுழைந்தது.

சொந்த ஊரில் ஆட முடியாத அரையிறுதி

அணி இப்படி எழுந்து நின்ற அதே நாட்களில் ஊர் மூழ்கியது. டிசம்பர் 1-ம் தேதி கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது.

டிவியில் அதிகம் காட்டப்பட்டது அடையாற்றங்கரை. வடக்கே கொடுங்கையூர், வியாசர்பாடி, ஓட்டேரி பக்கமும் தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. பக்கிங்ஹாம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கொசஸ்தலையாறு என்று வடசென்னையின் தண்ணீர் எல்லாம் கடைசியில் எண்ணூர் முகத்துவாரம் பக்கமாகவோ, துறைமுகம் பக்கமாகவோதான் கடலுக்குப் போக வழி தேடும். வழி அடைபட்டால் தெருவில் நிற்கும்.

இந்த நிலையில் டிசம்பர் 12-ம் தேதி நேரு ஸ்டேடியத்தில் அரையிறுதி நடத்த வாய்ப்பே இல்லை. ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. "ஹோம் மேட்ச்" என்று பெயர், ஆடியது ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. எதிரணி மறுபடியும் கொல்கத்தா. சீசனின் முதல் நாள் சென்னையில் வந்து தோற்கடித்த அதே அணி.

பெலிசாரி, ஜேஜே, மெண்டோசா ஆளுக்கு ஒரு கோல். 3-0. கொல்கத்தாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 1-2 என்று தோற்றாலும், மொத்தம் 4-2 என்ற கணக்கில் சென்னை இறுதிப் போட்டிக்குப் போனது. அங்கே கோவாவும் லீக்கில் முதலிடம் பிடித்த அணிதான். இத்தாலிய முறைப்படி பார்த்தால் அந்த ஆண்டு சாம்பியன் கோவா. 2014-ல் சென்னைக்கு எதிராக வேலை செய்த விதி, 2015-ல் சென்னைக்குச் சாதகமாக வேலை செய்தது.

சரி, வடசென்னைக்கு இதில் என்ன?

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சென்னையில் கால்பந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது வடசென்னை. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதி. ராயபுரத்திலிருந்து மேற்கே ரயில் பாதைகளைத் தாண்டினால் வியாசர்பாடி. சினிமாவும் இதைத்தான் காட்டியது. 2019-ல் வந்த 'பிகில்', 'ஜடா' இரண்டுமே வடசென்னைக் கால்பந்துக் கதைகள்.

ஐ.எஸ்.எல் வருவதற்கு முன்பு இந்தப் பகுதிப் பையனுக்கு கால்பந்து ஒரு தெளிவான பாதையைக் காட்டியது. தெருவில் ஆடு, ஏரியா டீமில் ஆடு, சென்னை லீக்கில் ஆடு, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குப் போ. இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ், தெற்கு ரயில்வே, வருமான வரித் துறை என்று சென்னை லீக்கின் பலமான அணிகள் பலவும் அலுவலக அணிகள்தான். இந்தியன் வங்கி அணி 1990-களில் தேசிய லீக்கிலேயே ஆடியது. வீட்டில் அம்மா, அப்பா சொல்வதும் இதுதான்: "பந்து ஆடறியா, ஆடு. அதுல ஒரு வேலைய வாங்கிடு."

இந்தக் கணக்கில் கால்பந்து ஒரு பென்ஷன். காலில் அடிபட்டாலும், வயது 30-ஐத் தாண்டினாலும் மாதச் சம்பளம் வரும்.

2015 சீசன் காட்டியது வேறொரு கணக்கு. வியாசர்பாடியைச் சேர்ந்த தனபால் கணேஷ் அந்த ஆண்டு சென்னையின் எஃப்.சி அணியில் இருந்தார். நம்ம ஏரியா பையன் எலானோவோடு, மாட்டெராஸியிடம் பயிற்சி எடுக்கிறான் என்பது சின்ன விஷயம் இல்லை. பந்து ஆடுவதே வேலையாக இருக்க முடியும் என்பதற்கு முதல்முறையாகக் கண்ணெதிரே ஓர் ஆள்.

அந்தக் கதை மூன்று ஆண்டு கழித்து முழுசாக வந்தது. 2018 மார்ச் 13, நேரு ஸ்டேடியம். மறுபடியும் அரையிறுதி, மறுபடியும் கோவா. இந்த முறை ஊரில் வெள்ளம் இல்லை, ஆட்டம் சென்னையிலேயே நடந்தது. 3-0 என்று ஜெயித்த அந்த ஆட்டத்தில் ஜேஜே இரண்டு கோல், மிச்சம் ஒன்று தனபால் கணேஷ். நான்கு நாள் கழித்து பெங்களூருவில், பெங்களூரு அணியையே 3-2 என்று வென்று சென்னை இரண்டாவது முறை சாம்பியன் ஆனது.

பென்ஷனா, காண்ட்ராக்டா?

இந்தப் புதிய கணக்கில் பணம் அதிகம், பேர் அதிகம். ஆனால் உத்தரவாதம் இல்லை. எல்லாம் காண்ட்ராக்ட். முழங்காலில் ஒரு காயம் போதும், அடுத்த சீசனில் பெயர் இருக்காது. ஐ.டி, ஸ்டார்ட்-அப் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் நன்றாகவே புரியும்.

அணியின் வரைபடமே அதைத்தான் சொல்கிறது. 2015-ல் சாம்பியன். 2016-ல் எட்டு அணிகளில் ஏழாவது இடம், அதோடு மாட்டெராஸி விடைபெற்றார். ஜான் கிரிகோரி பயிற்சியில் 2018-ல் மறுபடி சாம்பியன். அடுத்த 2018-19 சீசனிலேயே பத்து அணிகளில் கடைசி இடம், 18 ஆட்டத்தில் ஒன்பதே புள்ளிகள்.

அணிக்கு மட்டுமல்ல, லீக்குக்கே உத்தரவாதம் இல்லை என்று 2025-ல் தெரிந்தது. இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் முடிய இருந்த நேரம். அது புதுப்பிக்கப்படாததால் ஜூலை மாதம் ஐ.எஸ்.எல் நிறுத்தி வைக்கப்பட்டது. வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும் சீசனில், அந்த ஆண்டு முடியும் வரை ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. வீரர்களுக்கு அது ஆட்டம் இல்லாத மாதங்கள் மட்டுமல்ல, சம்பளம் வருமா என்று தெரியாத மாதங்களும்தான்.

அதனால்தான் 2015-ஐ வெறும் "செம மேட்ச்" என்று மட்டும் நினைவு வைத்துக்கொண்டால் போதாது. அந்த சீசன் வடசென்னைப் பையன்களுக்கு ஒரு புதிய கதவைத் திறந்தது உண்மை. அந்தக் கதவு எந்த நேரத்திலும் சாத்தப்படலாம் என்பதும் உண்மை. பழைய பாதையான அலுவலக அணிகளும் சென்னை லீக்கும் பலமாக இருந்தால்தான், புதிய பாதையில் துணிந்து கால் வைக்க முடியும். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்ற தைரியம் வீட்டுக்கும் வேண்டும்.

2015-ல் திருவொற்றியூரிலிருந்து நேரு ஸ்டேடியம் போக பஸ்ஸில் நெரிசலில் நிற்க வேண்டும். 2021-லிருந்து மெட்ரோ இருக்கிறது. விம்கோ நகரில் ஏறினால் நேராக சென்ட்ரல், அங்கிருந்து நடந்தே போய்விடலாம். ஸ்டேடியத்துக்குப் போகும் வழி இப்போது சுலபம். ஸ்டேடியத்துக்குள் இறங்கி ஆடப் போகும் வழிதான் இன்னும் சுலபமாகவில்லை.